கயிறு கண்ணுக்குத் தெரியணும்!

போன இதழில் வடாம், வற்றல் என்று மொட்டை மாடியில் காய்ந்துகொண்டிருந்தோம். இந்த இதழில் நடுரோட்டுக்கு வரப் போகிறோம். "வழியில் நின்றுபோன காரை இழுத்துக்கொண்டு வருவதா? அது ஆம்பிளைங்க சமாசாரமாச்சே!" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே. கார் நின்றால் கொளுத்தும் வெயிலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பது யார்? நாம்தானே! அதனால் நமக்கும் நாலு விஷயம் தெரிந்திருக்கட்டும். எனக்குத் தெரியாமல் போனதால் என்ன ஆயிற்று என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு அம்பாசிடர் இருக்கிறது. 1967-ல் என் மாமனார் வாங்கியது. அந்தக் கார் இப்போது தயாரிப்பில் இல்லை, 2014-லேயே நிறுத்திவிட்டார்கள். மாமனார் இருந்தவரை வெள்ளிக்கிழமை தவறாமல் குளிப்பாட்டி, சந்தனப் பொட்டு வைத்து, அப்புறம்தான் காப்பி குடிப்பார். அவர் காலமான பிறகு அந்தப் பொறுப்பு என் வீட்டுக்காரருக்கு வந்தது. எனக்குப் பட்டுப்புடவை எடுக்க யோசிக்கிற மனுஷர், காருக்கு ஸீட் உறை தைக்க யோசிக்கவே மாட்டார்!

2018 ஆவணி மாதம். காரைக்குடியில் உறவுக்காரப் பெண்ணுக்குக் கல்யாணம். புதுக்கோட்டையிலிருந்து நாற்பது கிலோமீட்டர் சொச்சம்தான். "அப்பா கார்ல போய் இறங்கினா எப்படி இருக்கும்!" என்று இவர் கிளம்பிவிட்டார். ஒரு மாதம் முன்பே எங்கள் மெக்கானிக் பாய், "வாட்டர் பம்ப் சத்தம் போடுது சார், மாத்திடணும்" என்று சொல்லியிருந்தார். "கல்யாணம் முடியட்டும் பாய்" என்று இவர்தான் தள்ளிப்போட்டார். ஆக, தப்பு காருடையது அல்ல, எங்களுடையது.

திருமயம் கோட்டை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் 'கர்ர்' என்று ஒரு சத்தம். பானெட்டிலிருந்து புகை மாதிரி ஆவி. ஓரங்கட்டினார். இறங்கியதும் இறங்காததுமாக ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனார். என் மாமியார்தான் கையைப் பிடித்து இழுத்தார். "ஏண்டா, விசில் அடங்காத குக்கரை யாராவது திறப்பாங்களா?" என்றார். எவ்வளவு சரியான வார்த்தை! உள்ளே கொதிக்கிற தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கும். மூடியைத் திருகினால் முகத்தில்தான் பீச்சும். வண்டி நன்றாக ஆறும்வரை, குறைந்தது அரை மணி நேரமாவது, அதைத் தொடவே கூடாது. அப்படியே யாருக்காவது சுட்டுவிட்டால் பச்சைத் தண்ணீரை இருபது நிமிஷம் விடாமல் ஊற்றுங்கள். நெய், மை, பல்பசை எதுவும் வேண்டாம்.

பம்பு போய்விட்டது, ஊற்றிய தண்ணீரெல்லாம் கீழேயே ஒழுகியது. அந்த வழியாக ஒரு குட்டி யானை காலியாக வந்தது. ஓட்டி வந்த பையன் நல்லவன். "அண்ணே, கயிறு இருந்தா கட்டுங்க. புதுக்கோட்டையில விட்டுடறேன்" என்றான். கயிறா? அவன் வண்டியிலேயே சாமான் கட்டுகிற பழைய நைலான் கயிறு ஒன்று கிடந்தது. ஒரு முனையை அவன் வண்டியில் கட்டி, மறுமுனையை எங்கள் காரின் முன் பம்பரில், அந்த அழகான குரோமியம் பம்பரில், இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார் இவர். இவர் ஸ்டியரிங்கில், பக்கத்தில் நான், பின்னால் மாமியாரும் என் மகளும். கல்யாணப் புடவையோடு, தேர் இழுக்கிற மாதிரி ஊர்வலம் கிளம்பிவிட்டது.

முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. ஒவ்வொரு தடவையும் அவன் வேகம் எடுக்கும்போது 'வெடுக்' என்று ஒரு இழுப்பு. அவன் பிரேக் போட்டால் நாங்கள் அவன் முதுகில் போய் முட்டுகிற மாதிரி நெருங்குவோம், கயிறு தொய்ந்து ரோட்டில் புரளும். மறுபடி வெடுக். மாமியார், "உரலுக்குள்ள தலையைக் குடுத்த மாதிரி இருக்குடி" என்று முனகிக்கொண்டே வந்தார்.

நமணசமுத்திரம் பக்கம் வரும்போது பள்ளிக்கூடம் விட்டிருந்தது. இடது பக்கச் சந்திலிருந்து ஸ்கூட்டரில் ஒரு பெண் வந்தாள். முன்னால் சீருடையில் ஒரு சின்னப் பையன் நின்றுகொண்டிருந்தான். வேகத்தடைக்காக எல்லாரும் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தோம். குட்டி யானை முன்னே போய்விட்டது, அடுத்து ஒரு கார் மெதுவாக வருகிறது, நடுவில் தாராளமாக இடம் இருக்கிறது என்று அவள் நினைத்தாள். யார்தான் அப்படி நினைக்க மாட்டார்கள்? ஸ்கூட்டரை அந்த இடைவெளிக்குள் விட்டுவிட்டாள்.

தொய்ந்து கிடந்த கயிறு அந்த நொடியில்தான் விறைத்து மேலே எழும்பியது.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இவர் பிரேக்கை அழுத்திவிட்டார். 'டணார்' என்று எங்கள் பம்பர் ஒரு பக்கம் பிய்ந்து ரோட்டில் தொங்கியது. ஸ்கூட்டர் கவிழ்ந்தது. பையன் தூரப் போய் விழுந்தான்.

நான் ஓடிப் போய்ப் பையனைத் தூக்கினேன். முழங்கால் தேய்ந்து ரத்தம், மற்றபடி ஒன்றுமில்லை. அழுதான். அழுகிற குழந்தையைப் பார்த்து அன்றைக்குத்தான் சந்தோஷப்பட்டேன். அம்மாவுக்குத்தான் அடி. ஊன்றிய கை மணிக்கட்டில் வளைந்து வீங்கிவிட்டது. கூட்டத்தில் ஒருவர், "இழுத்து விட்டா சரியாயிடும்" என்று கிட்டே வந்தார். நான் விடவில்லை. வழியில் படிக்க எடுத்து வந்த பத்திரிகையை அப்படியே மடித்து அவள் கைக்குக் கீழே தொட்டில் மாதிரி வைத்து, என் மகளின் துப்பட்டாவால் தளர்வாகச் சுற்றி, கழுத்திலிருந்து தூளி கட்டித் தொங்கவிட்டேன். 108-க்கு யாரோ போன் செய்தார்கள். எலும்பு முறிந்திருந்தது, ஆறு வாரம் மாவுக்கட்டு.

ஆஸ்பத்திரிக்கு மறுநாள் ஆரஞ்சும் பிரெட்டும் வாங்கிக்கொண்டு போனேன். திட்டுவாள், திட்டட்டும் என்றுதான் போனேன். அவள் திட்டவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று சொன்னாள். "கயிறு தெரியலக்கா. சத்தியமா எனக்குக் கயிறு தெரியல."

வீட்டுக்கு வந்து அன்றிரவு நான் சாப்பிடவில்லை. கயிறு தெரியாதது அவள் தப்பா? தெரியும்படி கட்டாதது எங்கள் தப்பு. செலவுக்கு யோசித்து, 'பக்கத்துலதானே' என்று நினைத்து, ஒரு குழந்தையின் கழுத்து உயரத்தில் கயிறு கட்டிக்கொண்டு ஊருக்குள் போனோமே! வண்டிச் செலவு, வைத்தியச் செலவு எல்லாம் நாங்களே பார்த்துக்கொண்டோம். ஆனால் அது பணத்தால் கழிகிற கடனா?

பாய் நடத்திய பாடம்

பம்பரை நிமிர்த்த வந்த மெக்கானிக் பாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "சார், ஞாயித்துக்கிழமை வண்டியை எடுத்துக்கிட்டு மைதானத்துக்கு வாங்க. அம்மாவும் வரணும்" என்றார். என்னிடம் லைசென்ஸ் இருந்தது. ஆனால் ஓட்டுவது இவர் மட்டும்தான். அன்றைக்குத்தான் முதல் தடவையாக, இழுபடுகிற காரின் ஸ்டியரிங்கில் நான் உட்கார்ந்தேன். பாய் சொல்லிக்கொடுத்ததை அப்படியே தருகிறேன்.

முதல் விஷயம், எங்கே கட்டுவது? பம்பரில் கட்டவே கூடாது. அது அலங்காரத்துக்கும் சின்ன இடிக்கும்தான், ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியின் பாரத்தைத் தாங்காது. சக்கரத்தைத் திருப்புகிற ஸ்டியரிங் கம்பிகளிலும் கட்டக் கூடாது, அது வளைந்தால் வண்டி சொன்ன பேச்சைக் கேட்காது. இந்தக் காலத்துக் கார்களுக்குத் திருகி மாட்டுகிற கொக்கி ஒன்று டூல்ஸோடு கொடுத்துவிடுகிறார்கள். பழைய கார்களில் பெரும்பாலும் அது கிடையாது. பாய் வண்டிக்கடியில் படுத்து, பாரம் தாங்குகிற கெட்டியான இரும்பில் இரண்டு இடத்தைத் தேர்ந்தெடுத்து மஞ்சள் பெயிண்ட் அடித்துவிட்டார். உங்கள் வீட்டில் பழைய கார் இருந்தால் அடுத்த தடவை மெக்கானிக்கிடம் இதைக் கேட்டு வாங்குங்கள். நடுரோட்டில், இருட்டில் தேடுகிற வேலை மிச்சம்.

இரண்டாவது, எதால் கட்டுவது? கிணற்றுக் கயிறு, கொடிக்கயிறு எதுவும் ஆகாது. இதற்கென்றே தட்டையான பட்டைக் கயிறு விற்கிறார்கள். எத்தனை டன் தாங்கும் என்று அதிலேயே எழுதியிருக்கும். காரின் எடையைப் போல இரண்டு மடங்காவது தாங்க வேண்டும். இழைகள் பிரிந்திருந்தால் தூக்கி எறிந்துவிடுங்கள். இரும்புச் சங்கிலி பலமானதுதான், ஆனால் நெகிழாது. ஒவ்வொரு வெடுக்கும் நேராக வண்டியின் எலும்பில் போய் விழும். கயிற்றைவிட நல்லது இரும்புத் தண்டு, 'டோ பார்' என்பார்கள். அதில் தொய்வும் இல்லை, முட்டுவதும் இல்லை.

மூன்றாவது, எது இழுப்பது? இழுக்கிற வண்டி, இழுபடுகிற வண்டியைவிட எடை குறைந்ததாக இருக்கக் கூடாது. காலியான குட்டி யானை எங்கள் அம்பாசிடரைவிட லேசு. இறக்கத்தில் நாங்கள்தான் அதைத் தள்ளியிருப்போம்!

நான்காவதுதான் முக்கியம். பாய் கேட்டார்: "அம்மா, ரெண்டு வண்டிக்கும் பிரேக் யார் கையில?"

"முன்னால போறவர் கையில" என்றேன்.

"அங்கதான் எல்லாரும் ஏமாறுறாங்க. பின்னால உக்காந்திருக்கிற உங்க கால்லதாம்மா ரெண்டு வண்டிக்கும் பிரேக்!"

யோசித்துப் பார்த்தால் எவ்வளவு உண்மை! முன்வண்டி பிரேக் போட்டால் கயிறு பின்வண்டியைப் பிடித்து நிறுத்தாது. பின்னால் இருப்பவர்தான் முன்வண்டியின் சிவப்பு விளக்கு எரிந்த உடனே, அவருக்கு முன்பாகவே கூட, மெல்ல பிரேக்கை அழுத்த வேண்டும். அப்படிச் செய்தால் கயிறு எப்போதும் விறைப்பாகவே இருக்கும். தொய்வு விழாது, வெடுக்கும் வராது, முட்டவும் முட்டாது. ஊஞ்சலில் பிள்ளையை ஆட்டும்போது சங்கிலி தொய்யாமல் பார்த்துக்கொள்வோமே, அந்தக் கைப்பக்குவம்தான். நமக்கு வராதா என்ன? மைதானத்தில் நாலு சுற்று வந்ததும் பாய், "சாரைவிட அம்மா நல்லா பண்றாங்க" என்று சொல்லிவிட்டார். இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

முன்வண்டிக்காரருக்கும் ஒரு பாடம் உண்டு. முதல் கியரில், கிளட்சை மெல்ல மெல்ல விட்டு, கயிறு விறைக்கும்வரை எறும்பு மாதிரி நகர வேண்டும். விறைத்த பிறகுதான் வேகம். நிறுத்தப் போவதற்கு வெகு தூரம் முன்பே பிரேக்கை லேசாகத் தொட்டு விளக்கைக் காட்ட வேண்டும். கிளம்பும் முன்பே ஜாடை பேசி வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு ஹாரன் என்றால் 'தயார், போகலாம்', இரண்டு ஹாரன் என்றால் 'நிறுத்து'. கையை ஜன்னலுக்கு வெளியே உயர்த்தினாலும் 'நிறுத்து'தான். ஓட்டிக்கொண்டே செல்போனில் பேசுகிற வேலை வேண்டாம்.

பழைய காருக்கென்று சில குணங்கள்

வயதானவர்களுக்கு வயதானவர்களின் பழக்கம் இருப்பது போல, பழைய காருக்கும் உண்டு.

எங்கள் அம்பாசிடரில் பிரேக், ஸ்டியரிங் இரண்டுமே வெறும் மனித பலத்தில் வேலை செய்பவை. இன்ஜின் நின்றிருந்தாலும் அவை அப்படியே இருக்கும். இந்தக் காலத்துக் கார்களில் இன்ஜின் ஓடினால்தான் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் துணைபலம் கிடைக்கும். இன்ஜின் இல்லாமல் இரண்டு மூன்று முறை மிதித்ததும் பிரேக் கல் மாதிரி இறுகும், பலத்தையெல்லாம் போட்டு மிதிக்க வேண்டும். சாவியை வெளியே எடுத்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்கிற வண்டிகளும் உண்டு. ஆகவே சாவி போட்டு, பூட்டு விடுபட்ட நிலையில்தான் இருக்க வேண்டும்.

பழைய காரில் சாவியைப் போட்டே வைத்திருந்தால் வேறொரு வம்பு. இன்ஜின் ஓடாமல் சாவி 'ஆன்' ஆகவே இருந்தால், இக்னிஷன் காயில் சூடேறிப் போய்விடலாம். பாய் என்ன செய்யச் சொன்னார் என்றால், காயிலுக்குப் போகிற மெல்லிய ஒயரை மட்டும் கழற்றி, முனையில் டேப் சுற்றிவிட்டு, பிறகு சாவியைப் போடுங்கள் என்றார். அப்போது பிரேக் விளக்கும் இண்டிகேட்டரும் எரியும், காயிலும் பிழைக்கும்.

கியர் நியூட்ரலில், கை பிரேக் முழுக்க விடுபட்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அம்பாசிடர் மாதிரி பின்சக்கரம் உந்துகிற வண்டியை வெகுதூரம் உருட்டி இழுக்கக் கூடாது. பின்சக்கரம் சுற்றும்போது நீளமான தண்டு ஒன்று கியர்பாக்ஸின் ஒரு பகுதியையும் சேர்த்துச் சுற்றும். இன்ஜின் ஓடாததால் உள்ளே எண்ணெய் சரியாகத் தெளித்துப் பரவாது. தாளிக்காமல் வறுத்த கடாய் மாதிரி காய்ந்து தேயும். முன்பக்கத்தைத் தூக்கி, பின்சக்கரத்தை ரோட்டில் உருட்டிக்கொண்டு போகிற கிரேனுக்கும் இதே கதைதான். தூரம் போவதானால் அந்தத் தண்டைக் கழற்ற வேண்டும், இல்லை மொத்த வண்டியையும் மேலே ஏற்ற வேண்டும்.

ஆட்டோமேட்டிக் கியர் காரும் பாட்டரி காரும் வைத்திருப்பவர்களே, உந்துகிற சக்கரம் தரையில் உருளும்படி உங்கள் வண்டியை இழுக்க விடாதீர்கள். பிளாட்பெட் லாரி ஒன்றுதான் வழி.

ஒரு புடவை நீளம்

1989-ல் வந்த சாலை விதிகளில் இதற்கெல்லாம் கணக்கே சொல்லியிருந்தார்கள். பின்னர் 2017-ல் புதிய விதிகள் வந்துவிட்டன. ஆனாலும் அந்தப் பழைய கணக்கு நம் வீட்டுக் கணக்கு மாதிரி நியாயமானது, நான் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். இரண்டு வண்டிக்கும் நடுவே இடைவெளி 5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. நம் புடவை ஐந்தரை மீட்டர் இருக்கும், அதைவிடக் கொஞ்சம் குறைச்சல் என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள். வேகம் மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. இழுபடுகிற வண்டியில் லைசென்ஸ் உள்ளவர் ஸ்டியரிங்கில் இருக்க வேண்டும், அல்லது முன்சக்கரம் தரையில் படாமல் தூக்கப்பட்டிருக்க வேண்டும். வண்டியின் பின்னால் வெள்ளை அட்டையில் கறுப்பு எழுத்தில், 75 மில்லிமீட்டர், அதாவது நாலு விரற்கடை உயரத்துக்குக் குறையாமல், 'ஆன் டோ' என்று ஆங்கிலத்தில் எழுதித் தொங்கவிட வேண்டும்.

இன்னொன்றும் அதில் இருந்தது. கயிறு மற்றவர் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்படி செய்ய வேண்டும் என்று. அதைப் படித்தபோது எனக்கு அந்தப் பெண்ணின் குரல்தான் கேட்டது.

அன்றைக்கே என் பழைய சிவப்புச் சுங்குடிப் புடவையைக் கிழித்தேன். ஒரு முழத்துக்கு ஒரு துண்டாகப் பட்டைக் கயிறு முழுக்கக் கட்டினேன். நடுவில் வெள்ளைத் துண்டு ஒன்றைப் போர்த்தி முடிந்தேன். இதில் இரண்டு லாபம். தூரத்திலிருந்தே தெரியும். ஒருவேளை கயிறு அறுந்தால் அந்தத் துணியின் கனம் அதைச் சாட்டை மாதிரி வீசி அடிக்க விடாது, கொஞ்சமாவது கீழே அமுக்கும். அதற்காக யாரும் கயிற்றுக்குப் பக்கத்தில் நிற்கலாம் என்று அர்த்தமில்லை. குழந்தைகளைக் கிட்டேயே விடக் கூடாது. ஸ்டியரிங் பிடிப்பவரைத் தவிர இழுபடுகிற காரில் யாரும் உட்காரவும் வேண்டாம். அன்றைக்கு நாலு பேர் உட்கார்ந்து போனோமே, அந்தப் புத்தியை என்ன சொல்ல! இருட்டிவிட்டால் கயிறு கட்டி இழுக்கிற பேச்சே வேண்டாம்.

2023-ல் வந்த பரீட்சை

படித்ததற்குப் பரீட்சை வராமல் இருக்குமா? 2023-ல் திருச்சியிலிருந்து திரும்பும்போது கீரனூர் பக்கத்தில் இவர் பிரேக்கை மிதித்தார், பெடல் அப்படியே தரையைத் தொட்டது. நல்லவேளை, மெதுவாக வந்துகொண்டிருந்தோம். கியரைக் குறைத்து, கை பிரேக்கைப் பிடித்து ஓரங்கட்டினார். கீழே பார்த்தால் பிரேக் ஆயில் சொட்டுகிறது. எங்கள் கார் மாதிரிப் பழசில் நாலு சக்கரத்துக்கும் ஒரே குழாய் வழிதான். ஒரு இடத்தில் ஒழுகினால் நாலுமே போச்சு.

என் கொழுந்தனார் தகவல் தெரிந்து ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "அண்ணி, கயிறுதான் டிக்கியில இருக்கே! நீங்கதான் எக்ஸ்பர்ட்டாச்சே. மெதுவாப் போயிடலாம்" என்றார். இவரும், "கை பிரேக் இருக்குல்ல, நான் பாத்துக்கறேன்" என்றார்.

"மாட்டேன்" என்றேன்.

"இருபது கிலோமீட்டர்தானே!"

"ரெண்டு வண்டிக்கும் பிரேக் பின்னாடிதான்னு பாய் சொன்னாரே. பின்னாடி பிரேக்கே இல்லாதப்போ எதை நம்பிப் போறது? இன்னொரு பிள்ளை குறுக்க வந்தா?"

அதற்கு மேல் யாரும் பேசவில்லை. இவர் தலையைக் குனிந்துகொண்டு போனை எடுத்தார்.

பிளாட்பெட் லாரி வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. 3,500 ரூபாய் ஆயிற்று. கொழுந்தனார், "கயிறு கட்டியிருந்தா டீ செலவோட போயிருக்கும்" என்று இடையில் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். ஆறு வாரம் மாவுக்கட்டோடு ஒரு அம்மா பிள்ளைக்குத் தலை வாரிவிட முடியாமல் இருந்தாளே, அதற்கு என்ன விலை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியதில்லை, அவருக்கும் அது தெரியும்.

லாரியில் ஏற்றும்போதும் கண்ணைத் திறந்து வைத்திருங்கள். கட்டும் பட்டை சக்கரங்களைச் சுற்றி வர வேண்டும், பம்பரிலோ பாடியிலோ அல்ல. சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்கச் சொல்லுங்கள். ஏறி முடிந்ததும் கியரில் போட்டு, கை பிரேக்கும் போட வேண்டும். கழன்று விழக்கூடிய சக்கர மூடிகளை எடுத்து உள்ளே வையுங்கள். நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, ஏற்றிய காருக்குள் யாரும் உட்காரக் கூடாது.

ஐம்பது வயது தாண்டிய, அசல் மாறாத வண்டிகளுக்குத் தனி 'விண்டேஜ்' பதிவு என்று 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அந்தப் பதிவு வாங்கினால் தினசரி ஓட்டத்துக்கு எடுக்க முடியாது. கண்காட்சி, ஊர்வலம், ரிப்பேர் இவற்றுக்கு மட்டும்தான். "வாங்கலாமா?" என்று இவர் அவ்வப்போது கேட்கிறார். "முதல்ல பிரேக் குழாயெல்லாம் மாத்துங்க" என்று நான் பதில் சொல்கிறேன். மாற்றிவிட்டார், அது வேறு விஷயம்.

டிக்கியில் இருக்கட்டும்

வீட்டுப் பெண்மணிகளே, காரை யார் ஓட்டினாலும் டிக்கிக்கு நாம்தான் பொறுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊறுகாய் பாட்டிலுக்கு இடம் இருக்கும்போது இவற்றுக்கு இல்லாமல் போகாது.

எழுத்தோடு கூடிய பட்டைக் கயிறு, அதில் சிவப்புத் துணி கட்டி. 'ஆன் டோ' அட்டை. சிவப்பு முக்கோணப் பலகை, அதை வண்டிக்குப் பின்னால் அறுபது எழுபது எட்டு தள்ளி வைக்க வேண்டும். இரண்டு மரக்கட்டைகள், டார்ச் லைட், கெட்டிக் கையுறை. ஐந்து லிட்டர் தண்ணீர், குடிக்கத் தனியாக இரண்டு பாட்டில். குடை. பஞ்சு, பாண்டேஜ், கிருமிநாசினி. பெரியவர்கள் கூட வந்தால் அவர்களுடைய பிரஷர், சர்க்கரை மாத்திரை ஒரு வேளைக்கு அதிகமாக. எங்கள் மாமியாருக்கு வழியில் நின்ற அந்த நாளில் மாத்திரை வீட்டில் இருந்தது, தலை சுற்றலோடுதான் வீடு வந்து சேர்ந்தார்.

வண்டி நின்றவுடன் செய்ய வேண்டிய முதல் காரியம், குழந்தைகளையும் பெரியவர்களையும் இறக்கி, ரோட்டை விட்டுத் தள்ளி நிழலில் உட்கார வைப்பது. வண்டிக்குள்ளேயோ வண்டிக்குப் பின்னாலோ யாரும் நிற்கக் கூடாது. தேசிய நெடுஞ்சாலையாக இருந்தால் 1033 என்ற எண்ணுக்கு எந்நேரமும் பேசலாம். அடிபட்டால் 108. இந்த இரண்டையும் சமையலறைக் காலண்டரில் எழுதி வையுங்கள்.

அந்தப் பெண்ணின் மகன் இப்போது ஹைஸ்கூலில் படிக்கிறான். தீபாவளிக்குத் தீபாவளி முறுக்கும் அதிரசமும் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம், அந்த அம்பாசிடரில்தான். போன தடவை போனபோது பையன் டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏன் ஆன்ட்டி கயித்துல இவ்ளோ சிவப்புத் துணி கட்டியிருக்கீங்க?" என்று கேட்டான். அவனுக்கு அந்த நாள் சரியாக நினைவில்லை போலிருக்கிறது. அவன் அம்மாதான் பதில் சொன்னாள்.

"எல்லாருக்கும் தெரியணும்ல கண்ணு, அதுக்குத்தான்."

அடுத்த இதழில் மறுபடி சமையலறைக்கே திரும்பிவிடலாம். ஐப்பசி மழைக்கு முன் பருப்பு, அரிசியில் வண்டு வராமல் காப்பது எப்படி என்று பார்ப்போம். அதற்குள் உங்கள் வீட்டுக் கார் டிக்கியை ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள், சரிதானே?